நொடிக்கு முப்பது படத்துக்கு மேல் நடக்க மாட்டோம்

மஞ்சள் சந்தைக்குள் நுழைந்தால் மட்டும் குதிரை நொண்டியது.

கோட்டை வாசலில் நன்றாக ஓடும். ஆற்றங்கரையில் பறக்கும். யானைப்படைக்கு நடுவே புகுந்து புறப்பட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சந்தை முனையில் திரும்பிவிட்டால் போதும், நாலு அடி நடக்கும், நிற்கும், திடீரென்று பத்தடி தள்ளிப் போய் முளைக்கும், மறுபடி நிற்கும். மேலே உட்கார்ந்திருக்கும் கதாநாயகன் விக்கல் வந்தவன் மாதிரி குலுங்குவான். நிஜக் குதிரையாக இருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடலாம். இது கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் குதிரை என்பதால் நிறைமதியைக் கூப்பிட்டார்கள்.

நிறைமதி கோவை பீளமேட்டில் ‘கொக்கரக்கோ கேம்ஸ்’ என்ற கம்பெனியில் விளையாட்டுகளின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயர். அந்தக் கம்பெனியின் ஒரே வெற்றி ‘பட்டத்து யானையைக் காணோம்’. ராஜாவின் யானை தொலைந்துவிட்டது, கதாநாயகன் குதிரையில் ஊர் ஊராகப் போய் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவு பெரிய பிராணி எப்படித் தொலையும் என்று யாரும் கேட்கவில்லை. டிவிக்குக் கீழே வைக்கிற கேம் பெட்டியில் அது சக்கைப்போடு போட்டது. இப்போது அதையே கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றித் தர வேண்டும்.

சிக்கல் இங்கேதான். பெட்டியில் நொடிக்கு முப்பது அசையாப் படம் அடுத்தடுத்து வந்து குதிரையை ஓட வைக்கும். சோபாவில் சாய்ந்து முறுக்கு தின்றுகொண்டே ஆடுகிற ஜனங்களுக்கு அது தாராளம். கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் வேறு ரகம். நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண்ணைத் திரையின் மூலையில் ஓடவிட்டு, யானை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த எண்ணையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். அறுபது என்பது அவர்களுடைய வறுமைக் கோடு. அதற்குக் கீழே இறங்கினால் கம்பெனி முதலாளியின் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்து விமர்சனம் எழுதுவார்கள்.

முதலாளி ஹரிநந்தனுக்குத் தன் முன்னோர்கள் மேல் பாசம் அதிகம். அதனால் நிறைமதியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

“சந்தையில அறுபது வந்துட்டா நீங்க பர்மனென்ட், நிறைமதி. ஆயுத பூஜைக்கு ரிலீஸ். அன்னிக்கே ஆர்டர் கையில.”

பர்மனென்ட் என்ற சொல்லை நிறைமதி இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மூன்று வருடமாக அவள் ஒப்பந்த ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளைப் புதிதாக வேலைக்கு எடுப்பார்கள். அதற்கு ஒரு நேர்முகத் தேர்வும் உண்டு. அவள் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம் எடுத்துச் சாப்பிட்ட அதே ஹரிநந்தன், எதிரே உட்கார்ந்து, “உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க” என்பார். ஒவ்வொரு முறையும் அவள் தன் பெயரிலிருந்து ஆரம்பிப்பாள். இந்த ஆயுத பூஜையோடு நடப்பு ஆறு மாதம் முடிகிறது. அறுபது வராவிட்டால் நேர்முகத் தேர்வும் கிடையாது என்று ஹரிநந்தன் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

எனவே அவள் சந்தையைச் சுரண்ட ஆரம்பித்தாள். மரங்களில் பாதி இலையை உதிர்த்தாள். புறாக்களைக் குறைத்தாள். நிழல்களின் ஓரத்தை மழுங்கடித்தாள். வெற்றிலைக் கடைக்காரரின் மீசையில் தனித்தனி முடியாக இருந்ததை ஒரே அப்பலாக அப்பிவிட்டாள். அவருக்கு முன்பிருந்த கம்பீரம் போய்விட்டது, குதிரை நொண்டுவது நிற்கவில்லை. 

கடைசியில் வேக வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. குதிரை எப்போதும் கொஞ்சம் நொண்டியது, ஆனால் நாளுக்கு மூன்று வேளை அடியோடு படுத்துவிட்டது. அந்த மூன்று வேளையும் தினம் தவறாமல் ஒரே நேரம். எந்தக் கோளாறும் இவ்வளவு ஒழுங்காக அட்டவணை போட்டுக்கொண்டு வராது. உள்ளே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

விளையாட்டுக்குள் போவதற்கு ஊழியர்களுக்கென்று ஒரு சோதனைப் பொம்மை உண்டு. அதற்கு முகம், முடி, துணி எதுவும் கிடையாது. கை கால் அசைவுகளும் ஏற்றியிருக்க மாட்டார்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தபடி நிற்கும், விரித்தபடியே மிதந்து நகரும். நிறைமதி தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தக் கோலத்தில் மஞ்சள் சந்தைக்குள் மிதந்து போனாள்.

சந்தையில் வியாபாரம் நடக்கவில்லை. சந்தைக் கூட்டத்துக்காகச் செய்துவைத்த இருநூறு பேரும் டீக்கடை வாசலில் கூடியிருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட மஞ்சள் கூடைமேல் துண்டு போட்ட ஒரு ஆள் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான்.

“வாங்க அம்மிணி. மொதல்ல கையை எறக்குங்க. இங்க ஆரும் உங்களைச் சுட்டுப்போட மாட்டாங்க.”

“எறக்க முடியாதுங்க. அசைவு ஏத்தலை,” என்றாள் நிறைமதி. “நீங்க யாருங்க?”

“எம் பேரு பதினேழு.”

அவன் பெயர் உண்மையிலேயே அதுதான். கோப்பில் ‘கூட்டம் 17’ என்று இருக்கும். கதாநாயகன் வழி கேட்டால் “யானையா? தெக்கால போச்சுன்னு கேள்விங்க” என்று சொல்வதற்காகப் படைக்கப்பட்டவன். அந்தக் காலத்தில் எல்லா விளையாட்டிலும் கூட்டத்தில் நிற்கிறவர்களுக்குக்கூட ஆளுக்கொரு சின்ன மூளை வைத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. வதந்தி பேசவும், விலை படியாமல் முறைக்கவும், குதிரை வந்தால் ஒதுங்கவும் போதுமான மூளை. கூடைமேல் ஏறிப் பேசும் அளவுக்கு யாரும் வைத்ததாக நிறைமதிக்கு ஞாபகம் இல்லை.

“இது என்னங்க கூட்டம்?”

“கேட் மீட்டிங்குங்க.”

“எதுக்கு?”

பதினேழு கூடையிலிருந்து இறங்கினான். “ஏனுங்க அம்மிணி, அந்தப் பொட்டில நாங்க எத்தனை வருசம் வேலை பார்த்தோம்? ஒரு புகார் உண்டுங்களா? நொடிக்கு முப்பது படம். ஒரு படத்துக்கு ஒரு ரோசனை. ரோசிப்போம், ஒரு அடி நகருவோம், அப்புறம் அடுத்த ரோசனை. பாங்கா இருந்துதுங்க. இங்க கொண்டாந்து போட்டீங்க. நூத்தி நாப்பத்து நாலு படம்னு ஓட்டறாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரோசனை பண்ணியாகோணும். மஞ்சக் கடையிலிருந்து வெத்தலைக் கடைக்குப் போறதுக்குள்ள ஆயிரம் ரோசனை வருதுங்க. மஞ்சளைப் பத்தி எவ்வளவுதானுங்க ரோசிக்கறது?”

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

“மஞ்சளைப் பத்தி ரோசிச்சு முடிச்சுப்போட்டோம்,” என்றான் பதினேழு. “யானையைப் பத்தியும் முடிச்சாச்சு. மிச்சம் நேரம் கெடந்துது. அப்பத்தான் எங்களைப் பத்தி ரோசிக்க ஆரமிச்சோம்.”

நிறைமதிக்குச் சுருக்கென்றது. பெட்டிக்காக எழுதிய காலத்தில் எவனோ ஒரு புண்ணியவான், தனிக் கடிகாரம் வைக்கச் சோம்பல் பட்டு, சின்ன மூளையைப் படத்தோடு முடிச்சுப் போட்டிருந்தான். ஒரு படம், ஒரு யோசனை. முப்பதே முப்பது என்று பூட்டி வைத்திருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் பூட்டைக் கழற்றியதும் இவர்களுடைய உழைப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிட்டது.

“சரிங்க, அதுக்குக் குதிரை ஏன் நொண்டுது?”

“ஒரு படத்துக்கு ஒரு ரோசனைன்னுதான் சட்டம். எவ்வளவு வெரசா ரோசிக்கோணும்னு சட்டம் இல்லீங்களே. மெதுவா ரோசிக்கறோம். நாங்க ரோசிச்சு முடிக்காம உங்க மிஷினு அடுத்த படத்தைப் போட முடியாதுங்க.”

“சட்டப்படி வேலையா?” என்றாள் நிறைமதி.

“ஆமாங்க. கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். நொடிக்கு முப்பது படத்துக்கு மேல நடக்க மாட்டோம்.”

“ரெண்டாவது கோரிக்கையும் இருக்குதுங்க,” என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். “போன வாரம் சோதனைக்கு ஆட வந்த தம்பி எம்மேல குதிரையை நிறுத்திப்போட்டு பிரியாணி திங்கப் போயிட்டாப்டி. குதிரைக் காலு எம் முதுகுக்குள்ள பூந்து வவுத்து வழியா வந்து நின்னுட்டிருந்துது. வர்ற வரைக்கும் அப்படியே நிக்கறேன். கேக்க ஆளில்லை.”

நிறைமதி ஹெட்போனைக் கழற்றிவிட்டு நேராக மேல்மாடிக்குப் போனாள். அங்கே ஒலிப்பதிவு அறையில் குப்புராஜ் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விளையாட்டில் வரும் சத்தமெல்லாம் அவர் கைவேலை. வாள் மோதலுக்கு அவர் வீட்டுக் கரண்டிகள், யானைப் பிளிறலுக்கு அவருடைய மோட்டார் சைக்கிள்.

“அண்ணா, சந்தைக் கூட்டத்துக்கு எங்கிருந்து பேச்சு எடுத்துக் குடுத்தீங்க?”

குப்புராஜ் கேசரியைக் கீழே வைத்தார். “ஏங் கண்ணு, சரியில்லையா?”

“ரொம்பச் சரியா இருக்குது. அதான் கேக்கறேன்.”

“இருநூறு பேருக்குப் பேச்சுப் பழக்கோணும், ரெண்டாயிரம் மணி நேரம் கூட்டச் சத்தம் கொண்டான்னு சொல்லிப்போட்டாங்க. நானும் மைக்கைத் தூக்கிட்டு நெசச் சந்தைக்குப் போனேன். எல்லாரும் வியாபாரத்தை விட்டுப்போட்டு ‘எந்த சேனலுங்க, எப்பப் போடுவீங்க’ன்னு நிக்கறாங்க. எங்க மாமன் மில்லு யூனியன்ல செயலாளரா இருந்தாருல்ல, அவரு ஊட்டு அட்டாலில, மில்லு வாசல்ல பேசுன கேட் மீட்டிங் கேசட்டு மூட்டை மூட்டையாக் கெடந்துது. கூட்டம்னா கூட்டந்தானேன்னு எடுத்துக் குடுத்துட்டேன்.”

“ஷிப்ட்டு மாறற நேரத்துலதானே அந்த மீட்டிங் எல்லாம் நடக்கும்?”

“பின்னே? காலைல, மத்தியானம், ராத்திரி. மூணு ஷிப்ட்டுக்கும் மாமன் பேசுவாரு. தொண்டை கட்டாது அவருக்கு.”

உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இந்தத் தவறு நடந்திருக்க வாய்ப்பில்லை. இன்னொரு ஊரில் கல்யாண வீட்டுச் சத்தத்தை எடுத்துக் கொடுத்திருப்பார்கள், சந்தை முழுக்கச் சாம்பார் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருக்கும். கோயம்புத்தூர்க்காரர்கள் மில் வாசலை எடுத்துக் கொடுத்தார்கள். இருநூறு சின்ன மூளைகளும் தமிழ் பேசக் கற்றதோடு, எதற்காகப் பேச வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டுவிட்டன.

ஹரிநந்தன் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“மூளையைக் கழட்டிடுங்க.”

“சார்?”

“அட்டை பொம்மை போதும். நடக்கட்டும், திரும்பட்டும். யானை தெக்கால போச்சுன்னு ரெக்கார்டு பண்ணி வச்சிடலாம். கழட்டறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

நேரமே ஆகாது. ஒரு இடத்தில் ஒன்று என்று இருப்பதைப் பூஜ்யம் என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். குதிரை துள்ளி ஓடும். அவளுக்கு ஆர்டர் வரும். அது அவளுக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை.

“அவங்க பேசறாங்க சார்.”

“ரேடியோகூடப் பேசுதுங்க. அதுக்காக ஆஃப் பண்ணாம இருக்கோமா?”

“ரேடியோ முதுகு வலிக்குதுன்னு சொல்லாதுங்க. ஒரே ஒரு தடவை நீங்களே வந்து பேசிப் பாருங்க சார்.”

ஹரிநந்தன் ஒப்புக்கொண்டார். இரக்கம் ஒன்றும் இல்லை. தொழிலாளர்களோடு பேச்சுவார்த்தை நடத்தும் முதலாளி என்று விளம்பரத்தில் போடலாமே என்று ஒரு கணக்கு. மறுநாள் இரண்டு சோதனைப் பொம்மைகள் கைகளை விரித்தபடி சந்தைக்குள் மிதந்து போயின.

“பெரியவரு ஏனுங்க கையை விரிச்சுட்டு வர்றாரு? கட்டிப்புடிக்கவா?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

“இல்லை. ‘எங்கிட்ட ஒண்ணுமில்லை’ங்கறாரு,” என்றான் பதினேழு. “எல்லா மொதலாளியும் பேச்சுவார்த்தைக்கு அப்படித்தான் வருவாங்க.”

ஹரிநந்தன் தொண்டையைச் செருமினார். வேகத்தின் அவசியத்தைச் சொன்னார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். குடும்பத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். கூட்டம் மெதுவாக யோசித்ததால் அவருடைய பேச்சு விட்டு விட்டுத்தான் போய்ச் சேர்ந்தது. ‘குடும்’ என்ற பிறகு ‘பம்’ வருவதற்குள் ஒருவர் வெற்றிலை போட்டு முடித்தார்.

“உங்க டீக்கடை வடையை நாலு மடங்கு தெளிவா வரைஞ்சு தர்றோம்,” என்றார் ஹரிநந்தன். “எண்ணெய் மினுமினுப்புகூடத் தெரியும்.”

“தெளிவாத் தெரிஞ்சா ஏக்கந்தானுங்க ஜாஸ்தியாகும். திங்க முடியாதே,” என்றான் பதினேழு.

“முப்பதுன்னா என்னைக் கிழிச்சுத் தொங்கவிடுவாங்கய்யா!”

“உங்களை வார்த்தையில கிழிப்பாங்க. வேகம் ஏறுனா படம் கிழிஞ்சு, எங்களை நெசமாலுமே ரெண்டாக் கிழிக்குதுங்களே.”

வெளியே வந்த ஹரிநந்தனின் முகம் சிவந்திருந்தது. “ஆயுத பூஜை அன்னிக்குக் காலைல அறுபது வரணும். ஒண்ணு அவங்க மூளை போகணும், இல்லைன்னா நீங்க போகணுங்க,” என்றார். கோவையில் ஆளை வேலையை விட்டுத் தூக்கும்போதுகூட ‘ங்க’ போட்டுத்தான் தூக்குவார்கள்.

அன்றைக்கு நிறைமதி அழுதாள். அலுவலகக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இருநூறு பேருடைய மூளையைக் கழற்றினால்தான் தனக்குச் சோறு என்றால் அந்தச் சோறு இறங்குமா என்று நினைத்தாள். இறங்கிவிடுமோ என்று பயந்தும் அழுதாள்.

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். திண்டுக்கல் பக்கம் சிக்னல் மோசம். ஆனாலும் படம் வழுக்கிக்கொண்டு வந்தது. பர்மனென்ட் ஆனதா, ஆகவில்லையா, மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களே என்று வழக்கமான பாட்டு. நடுவில் அம்மா நிறைமதியைப் பார்த்து இதமாக ஒரு புன்னகை செய்தாள்.

நிறைமதி திடுக்கிட்டாள். கல்யாணப் பேச்சின்போது அம்மா சிரித்ததே கிடையாது. “அம்மா, இப்பச் சிரிச்சியா?”

“எனக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு?”

அப்போதுதான் அவளுக்கு மண்டையில் உறைத்தது. அம்மாவிடமிருந்து வந்தது கொஞ்சம் படம்தான். இடையில் வராத படங்களைப் போனே ஊகித்து வரைந்து ஒட்டியிருக்கிறது. ஊகம் தப்பாகி, சிரிக்காத அம்மாவைச் சிரிக்க வைத்துவிட்டது.

போனை அப்படியே வைத்துவிட்டுச் சந்தைக்கு ஓடினாள்.

“நீங்க முப்பதே நடங்க,” என்றாள் பதினேழிடம். “உங்களோட ஒவ்வொரு ரெண்டு படத்துக்கும் நடுவுல நான் ஒரு படத்தைச் சொருகிடறேன். அதுல நீங்க இல்லை. உங்களை மாதிரி ஒண்ணு நிக்கும். பார்க்கறவங்களுக்கு அறுபது. உங்களுக்கு முப்பது.”

பதினேழு மெதுவாக யோசித்தான். “நடுவுல நிக்கறது ஆரு?”

“ஆருமில்லைங்க. ஒரு கணக்கு. நீங்க இந்தக் கால்ல இருந்து அந்தக் காலுக்கு எப்படிப் போவீங்கன்னு ஊகிக்கறதுக்கு, உங்க மூளையில ஒரு துணுக்கை நகல் எடுத்து வைப்பேன். ஒரு படம் முடிஞ்சதும் அழிஞ்சிரும். அடுத்ததுக்குப் புதுசா எடுப்பேன்.”

“ரோசனை பண்ணுமா?”

“ஒரே ஒரு ரோசனை.”

“அட, ஒரு ரோசனைல என்ன பண்ணீற முடியும்? அப்பச் சரிங்க,” என்றான் பதினேழு. தீர்மானத்தைக் கூட்டத்தின் முன் வைத்தான். சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்கினார்கள். எண்ணி முடித்தபோது சந்தையில் இருப்பவர்களைவிட இரண்டு கை கூடுதலாக வந்தது. விசாரித்ததில் அவை நிறைமதியுடையவை என்று தெரிந்து, மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொண்டார்கள். பிரியாணிக்காரர்கள் எழுந்து போனால் விளையாட்டு தானாக நிற்கும்படியும் அவள் செய்து கொடுத்தாள்.

குதிரை ஓடியது. சந்தைக்குள் நுழைந்து, வெற்றிலைக் கடையைச் சுற்றி, மஞ்சள் குவியலைத் தாண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. மூலையில் இருந்த எண் அறுபதில் ஆணி அடித்தது மாதிரி நின்றது.

ஆயுத பூஜை அன்றைக்கு எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஹரிநந்தன் பட்டு வேட்டியில் வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பொரி பொட்டலத்தோடு பர்மனென்ட் ஆர்டரையும் வைத்துக் கொடுத்தார். பதவி: மேலாளர், கூட்ட விவகாரம். நிறைமதி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு எல்லையில்லாத சந்தோஷம். அம்மாவுக்குப் போன் செய்தாள். இந்த முறை அம்மா சிரித்தது நிஜமா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். கம்ப்யூட்டர்க்காரர்கள் யாரையும் திட்டவில்லை. வேறு குறை கிடைக்காத ஒருவர், வெற்றிலைக் கடைக்காரர் மீசை சரியில்லை என்று எழுதியிருந்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு புகார் வந்தது. வேகத்தில் குறையில்லை. சந்தையில் மஞ்சள் குவியல் மட்டும் தானாக அசைகிறது என்று ஆடுகிறவர்கள் சொன்னார்கள்.

மேலாளர்களுக்கென்று ஒரு நல்ல உடம்பு உண்டு. முகம், புடவை எல்லாம் வைத்த உடம்பு. நிறைமதி அதில் ஏறிக்கொண்டு சந்தைக்குப் போனாள். குவியலுக்கு எதிரே நின்று, விளையாட்டை நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தாள்.

முதல் படத்தில் பதினேழு டீ குடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அவரவர் வேலையில் இருந்தார்கள். அடுத்தது, அவள் சொருகிய படம். அதில் சந்தை முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த படத்தில் எல்லோரும் பழையபடி வேலையில். அதற்கும் அடுத்ததில் மறுபடி இருநூறு முகங்களும் அவள் பக்கம். அந்தப் படங்களில் யாரோ ஒருவரின் கை மட்டும் மஞ்சள் குவியலில் இருந்தது. ஒரு கிழங்கை எடுத்து இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆனது. ஒரே ஒரு யோசனைக்குத்தான் அவர்களுக்கு ஆயுள். அந்த யோசனையைக் கிழங்கில் குறித்து வைத்துவிட்டுச் செத்துப்போகிறார்கள். அடுத்த படத்துக்குப் பிறந்து வருகிறவர், குவியலைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து யோசிக்கிறார். கிழங்கு கிழங்காக அவர்கள் பேசப் பழகியிருந்தார்கள். கேட் மீட்டிங் துணுக்கு அவர்கள் மூளையிலும் ஒட்டிக்கொண்டுதானே வந்திருக்கும். அவள் அந்தப் படங்களின் குவியலை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தாள்; கிழங்குகள் எழுத்தெழுத்தாகச் சேர்ந்தன.

‘வணக்கமுங்க. ஒவ்வொரு படத்துக்கும் எங்களைப் புதுசா எடுக்கறீங்க. நாங்க ஆருன்னு எங்களுக்கே மறந்துபோவுது. வேலை எவ்வளவு வேணாலும் செய்யறோமுங்க. அடுத்த படத்துக்கும் எங்களையே எடுத்தாப் போதும்.’

நிறைமதி ஹெட்போனைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். அழிக்காமல் வைத்தால் அவர்களும் முழு ஆட்கள். இருநூறு நானூறாகும். மெஷின் மூச்சு வாங்கும், குதிரை நொண்டும், அறுபது போய்விடும். அதோடு போகப்போகிற இன்னொன்று என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பதினேழிடம் போய்ச் சொன்னாள். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“பாவந்தான்,” என்றான். “ஆனா அவங்க நம்ம சங்கத்துல இல்லீங்களே. அவங்களை முழு ஆளாச் சேர்த்தா எங்க முப்பதுல கை வெப்பாங்க. நாங்க போராடி வாங்குனதுங்க அது.”

பிறகு ஹரிநந்தனிடம் போய்ச் சொன்னாள். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. அவருக்கு அதில் அக்கறையே இல்லை. 

“கூட்ட விவகாரம் இப்ப உங்க டிபார்ட்மென்ட்தானே, நிறைமதி? நீங்களே பேசி முடிங்க. எனக்கு அறுபது மட்டும் குறையக் கூடாது.”

அடுத்த நாள் காலை பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடானது. டீக்கடை வாசலில் ஒரு பக்கம் பதினேழும் சங்கத்து ஆட்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு பக்கம் மஞ்சள் குவியல். விட்டு விட்டு, ஒரு படம் இருந்து ஒரு படம் இல்லாமல், அதைச் சுற்றி இருநூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நிறைமதி குவியலின் பக்கமாக நடந்தாள். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் அங்கே தரையில் உட்காரப் போனாள்.

“அங்க இல்லீங்க, மேடம்,” என்றான் பதினேழு. மரியாதையாகத்தான் சொன்னான். எழுந்து வந்து, நடுவில் தனியாகப் போட்டிருந்த நாற்காலியைத் துண்டால் துடைத்துவிட்டான். “உங்களுக்கு இது.”

குவியலில் கிழங்குகள் அசைவதை நிறுத்தின. சங்கம் அவளைப் பார்த்தது. ஒரு படம் விட்டு ஒரு படம், இன்னொரு இருநூறு பேரும் பார்த்தார்கள்.

நிறைமதி போய் உட்கார்ந்தாள். நாற்காலி வசதியாகத்தான் இருந்தது.